ரோமன் ஹாலிடே புது டிஸ்க்: அந்தப் புள்ளியெல்லாம் அழுக்கா, படமா?

குறுக்குத்துறை:
ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது 'ரோமன் ஹாலிடே' 4கே டிஸ்க் (டிவிடியைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் படம் காட்டும் டிஸ்க்) கொண்டுவந்து கொடுத்தான். 1953ல் வந்த படம், வில்லியம் வைலர் எடுத்தது, கிரிகரி பெக், ஆட்ரி ஹெப்பர்ன். 70 வருஷம் ஆனதையொட்டி 2023ல் பாராமவுண்ட் போட்ட டிஸ்க். கதை தெரியும்தானே, ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் கைகுலுக்க வைத்தே சலித்துப்போன இளவரசி ஒரு ராத்திரி நழுவி ஓடிவிடுகிறாள், பத்திரிகைக்காரன் ஒருவன் வீட்டில் போய்த் தூங்குகிறாள், மறுநாள் பூரா அவனோடு ரோம் சுற்றுகிறாள், அவன் அதைச் செய்தியாக்கிக் காசு பார்க்க நினைக்கிறான். நான் காலேஜில் படிக்கும்போது விசிடியில் பார்த்தது. அந்த விசிடியில் ரோமும் சரி, எங்கள் சமாதானபுரமும் சரி, ஒரே சாம்பல்தான்.

சனிக்கிழமை ராத்திரி ஹால் சுவரில் புரொஜெக்டர் போட்டு அம்மா, மச்சான், பிள்ளைகள் எல்லோருமாகப் பார்த்தோம். அந்த 'சத்தியத்தின் வாய்' கல் முகம் இருக்கிறதே, பொய் சொல்கிறவன் கையை விட்டால் கடித்துவிடும் என்பார்களே, அங்கே பெக் கையைச் சட்டைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டு கை போய்விட்ட மாதிரி காட்டுவார். அதை அவர் முன்கூட்டி ஆட்ரியிடம் சொல்லவில்லை, அலறல் நிஜம், இது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அலறி முடித்து அவன்மேல் சாய்ந்து சிரிக்கிறாளே, அப்போது கழுத்தில் கட்டிய அந்தக் கோடு போட்ட துணி மூச்சோடு ஏறி இறங்குவது இப்போதுதான் கண்ணுக்குப் பட்டது. அம்மாவுக்கு வேறு கவலை. "முடி வெட்டினது நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போனா அவ அம்மா என்ன சொல்லுவா?"

மச்சான்தான் சந்தோஷத்தைக் கெடுத்தார். "என்ன மாப்ள, படம் பூரா ரவையைத் தூவி விட்ட மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு காசு?" பார்த்தால் உண்மைதான், வானம், சுவர், முகம் எல்லாவற்றிலும் பொடிப் பொடியாக ஏதோ அசைந்துகொண்டே இருக்கிறது. புதுப்பித்தது என்கிறார்கள், அப்புறம் இதை ஏன் துடைக்காமல் விட்டார்கள்? டிஸ்க் கோளாறா, என் புரொஜெக்டர் கோளாறா?

ஈரடுக்குப்பாலம்:
புரொஜெக்டர் செட்டிங்கில் ஷார்ப்னெஸ்ஸை ஏற்றி வைத்திருப்பீர்கள், அதைக் கீழே இறக்குங்கள். அப்படியே மோஷன் என்று ஏதாவது போட்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்ரி ஹெப்பர்ன் மத்தியானம் 2 மணி சீரியலில் நடிக்கிற மாதிரி இருக்கும். இன்னொன்று, படம் கிட்டத்தட்ட சதுரம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. இழுத்து நிரப்பிப் பார்த்தீர்களானால் வெஸ்பா ஸ்கூட்டர் டிராக்டர் ஆகிவிடும்.

சொதிக்குழம்பு:
கருப்பு வெள்ளைப் படத்துக்கு 4கே எதுக்கு அண்ணாச்சி?

குறுக்குத்துறை:
@ஈரடுக்குப்பாலம் பட்டையை இழுத்து நிரப்பச் சொன்னதும் அதே மச்சான்தான். ஷார்ப்னெஸ்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ரவை குறைந்திருக்கிறது, போகவில்லை.

ஆபரேட்டர் மகள்:
அண்ணாச்சி, அது போகாது, போகவும் கூடாது. அந்த ரவைதான் படம்.

எங்கள் அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் டூரிங் கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்து, அப்புறம் டவுணில் ஒரு தியேட்டரில் 31 வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். சின்ன வயதில் எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமான் என்றால் பிலிம் துண்டுதான். ஃபியூஸ் போன குண்டு பல்பின் பின்பக்கத்தை உடைத்து உள்ளே தண்ணீர் ஊற்றி, வாசலில் ஒருத்தி கண்ணாடியைத் திருப்பி வெயிலை உள்ளே அடிக்க, இருட்டு அறையில் அப்பா வேட்டியில் படம் விழும். நீங்களும் செய்திருப்பீர்கள். அப்படிப் பெரிதாக்கிப் பார்த்தால் எம்ஜிஆர் கன்னமே மணல் மணலாகத் தெரியும். பிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்புத் துகள், வெளிச்சம் பட்ட இடத்தில் கழுவியபின் வெள்ளி நிற்கும், கருப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கறுப்பு முழுக்க அந்த வெள்ளிதான். ஒவ்வொரு கட்டத்திலும், அதாவது ஃபிரேமிலும், துகள் வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கும், நொடிக்கு 24 கட்டம் ஓடும்போது அது கொதிக்கிற மாதிரி தெரிகிறது. ஆக, துகளைத் துடைத்தால் பின்னால் சுத்தமான முகம் ஒன்று காத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். பின்னால் ஒன்றுமில்லை. கணினியில் துடைக்கத் துடைக்க முகம் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும், தோல் இருக்காது, நீங்கள் சொன்ன அந்தக் கழுத்துத் துணியின் அசைவும் அதோடு போயிருக்கும்.

துடைக்க வேண்டியது வேறு. கீறல், தூசி, ஒட்டுப்போட்ட இடத்தில் படம் குதிப்பது, வெளிச்சம் படபடவென்று ஏறி இறங்குவது, இதெல்லாம் பிலிமின் மேல் அப்புறம் வந்து சேர்ந்தவை. இந்தப் படத்துக்கு 2020ல் ப்ளூரே போட்டபோது நடந்த வேலையைப் பற்றிப் படித்திருக்கிறேன். மூல நெகட்டிவை இன்றைய மிஷினில் ஏற்ற முடியாத நிலை, அதனால் அதிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த ஃபைன் கிரெயின் பாசிட்டிவையும் (துகள் நுண்ணிய நல்ல பிரதி) டூப் நெகட்டிவையும் (நகல் நெகட்டிவ்) 4கேயில் ஸ்கேன் செய்து கட்டம் கட்டமாகப் பார்த்துச் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஓடுகிற படமென்றால் மூல நெகட்டிவிலிருந்தே பிரிண்ட் மேல் பிரிண்டாக அடிப்பார்கள், நல்ல படத்துக்கு அதுதான் சாபம். நன்றாக ஓடிய படத்தின் நெகட்டிவ்தான் கந்தலாகிக் கிடக்கும், ஓடாத படத்தின் நெகட்டிவ் பெட்டியில் மணப்பெண் மாதிரி இருக்கும்.

@சொதிக்குழம்பு உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில். கலர் இருந்தால்தான் நுணுக்கம் என்றில்லை. 35 எம்எம் பிலிமில் இருப்பதை டிவிடி பாதிகூடக் காட்டவில்லை.

சொதிக்குழம்பு:
சரிக்கா, வாயை மூடிக்கொள்கிறேன். மணப்பெண் உவமைக்கு ஒரு கும்பிடு.

கல்லிடை அப்பளம்:
ரவை சமாசாரம் முடிந்தது என்றால் நான் வேறொன்று கேட்கிறேன். டைட்டிலைக் கவனித்தீர்களா குறுக்குத்துறை அண்ணாச்சி? கதை டால்டன் டிரம்போ என்று பெயர் வரும். 1953ல் தியேட்டரில் ஓடியபோது அந்தப் பெயர் கிடையாது. கம்யூனிஸ்டா இல்லையா என்று 1947ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டபோது பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் அவர் ஒருவர், ஜெயிலுக்குப் போனார், சினிமாவில் யாரும் வேலை தரக்கூடாது என்று பட்டியலில் போட்டுவிட்டார்கள். அதனால் இயான் மெக்லெல்லன் ஹண்டர் என்ற நண்பர் தன் பெயரைக் கொடுத்தார், ஆஸ்கரும் அவர் பெயருக்கே போனது. டிரம்போ செத்து எத்தனையோ வருஷம் கழித்து 1993ல்தான் அந்த ஆஸ்கர் அவர் பெயருக்கு வந்தது, மனைவி வாங்கிக்கொண்டார். படம் டிவிடியில் வந்தபோது டைட்டிலில் பெயரைச் சேர்த்தார்கள். 2011ல் எழுத்தாளர் சங்கம் திரைக்கதைக்கும் அவர் பெயரைச் சேர்த்தது.

நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது புதுப்பித்தலா, திருத்தமா? நம் பக்கம் ஏடு தேடிக் கவிராயர் வீடு வீடாக அலைந்தாரே உ.வே.சா., அவர் என்ன செய்தார்? பாடபேதம் இருந்தால் அடிக்குறிப்பில் போட்டார், ஏடு செல்லரித்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தார், தானாக ஒரு வரி எழுதிச் செருகவில்லை. இவர்களும் படம் தொடங்குமுன் ஒரு அட்டை போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, 1953 டைட்டிலை அப்படியே விட்டிருக்கலாம். அந்தப் பெயர் இல்லாமல் இருந்ததும் சரித்திரம்தானே. இப்போது பார்க்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு அநியாயம் நடந்ததே தெரியாமல் போகும்.

ஈரடுக்குப்பாலம்:
அப்பளம், நீங்கள் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள். 40 வருஷம் பெயர் இல்லாமல் கிடந்தவனுக்குப் பெயர் போட்டதற்கும் குற்றமா? அடிக்குறிப்பில் போட்டால் யார் வாசிக்கிறார்கள்? கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு, தனியாக ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள், வீட்டுக்கு வந்து என்ன பேசுவார் என்று தெரியும்.

கல்லிடை அப்பளம்:
தாய்மாமன் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

குறுக்குத்துறை:
இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொரு ஏக்கம் வந்துவிட்டது. காதல் காமெடி என்றால் நமக்கு ஒரே படம்தான், 'காதலிக்க நேரமில்லை', 1964, ஸ்ரீதர். சில வருஷம் முன்னால் ஒரு கடையில் அதன் டிவிடி வாங்கினேன், கடை பெயர் வேண்டாம். ஆழியாறு அணைப் பக்கம் போய் ஒளிப்பதிவாளர் வின்சென்ட், ஈஸ்ட்மென் கலரில் எடுத்த படம், அதில் மலை ரோஸ், தண்ணீர் ரோஸ், காஞ்சனா ரோஸ், பாலையாவும் ரோஸ். மூலையில் ஏதோ ஒரு முத்திரை படம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு பாட்டுப் பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த காட்சி வந்துவிடுகிறது. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டால் "பழைய படம்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். ரோமில் இருக்கிற அணிலுக்கும் அக்கறை எடுத்துத் துடைக்கிறார்கள், நம்மூர்க்காரர் முகத்துக்கு இந்தக் கதி.

நம்மூர்க்காரர் என்று சும்மா சொல்லவில்லை. டி.எஸ். பாலையா என்றால் திருநெல்வேலி சுப்பிரமணியம் பாலையா, பிறந்தது சுண்டங்கோட்டை, இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், அன்றைக்கு நெல்லைச் சீமை. 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர், 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர் என்று எத்தனையோ செய்தவர், ஆனால் எனக்கு எப்போதும் நாகேஷிடம் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த விஸ்வநாதன்தான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சி. பயமுறுத்த ஒரு வாத்தியமும் தேவையில்லை, நாகேஷ் வாயே போதும், மூச்சு, முனகல், இழுப்பு எல்லாம் வாயிலேயே வரும். பாலையாவுக்கு அங்கே பெரிய வசனம் கிடையாது, கேட்டுக் கேட்டு முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அதை நான் ஒரு தடவையாவது ஒழுங்கான டிஸ்க்கில் பார்க்க வேண்டும்.

சொதிக்குழம்பு:
அண்ணாச்சி, அந்த சீன் என் போனில் இருக்கிறது, வாட்ஸப்பில் யாரோ அனுப்பியது. முகத்தில் நாலு சதுரம்தான் தெரியும், இருந்தாலும் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

ஈரடுக்குப்பாலம்:
இது நடக்காத காரியமே இல்லை. அதே 1964ல் வந்த 'கர்ணன்' படத்தை டிஜிட்டலில் சுத்தம் செய்து 2012ல் தியேட்டரில் விட்டார்கள், ஊர் ஊராகக் கூட்டம். அப்புறம் 'ஆயிரத்தில் ஒருவன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எல்லாம் வந்தது. ஆனால் நான் ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன், அக்கா கோபிக்கக் கூடாது. நம் சனங்களுக்கு ரவை பிடிக்காது. கலரை நன்றாக ஏற்றி, ஒலியைச் சுத்தமாக்கி, புதுப்படம் மாதிரி கொடுத்தால்தான் என் பிள்ளை பார்ப்பான். சுத்தம் என்று இறங்கியபின் அரைகுறையாக எதற்கு? இன்னொரு பயமும் இருக்கிறது. முத்துராமன் கிழவன் வேஷம் போட்டு ரவிச்சந்திரனுக்கு அப்பாவாக வருவாரே, 4கேயில் போட்டால் விக் ஒட்டின ஓரம் பளிச்சென்று தெரியாதா?

ஆபரேட்டர் மகள்:
விக் தெரியட்டும் தம்பி. அது வேஷம் என்று கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், பாலையா ஒருவருக்குத்தான் தெரியாது, அதுதானே வேடிக்கை!

கலர் பற்றி: ரோஸ் ஆனதற்கு டிவிடிக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. கலர் பிலிமில் வெள்ளியைக் கழுவி எடுத்துவிடுவார்கள், நிற்பது மூன்று சாயம்தான். அந்தக்கால ஈஸ்ட்மென் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம்தான் சீக்கிரம் வெளுக்கும், மஞ்சளும் குறையும், கடைசியில் மிஞ்சுவது ரோஸ். அதை யாரோ அப்படியே டேப்பில் ஏற்றி, டேப்பிலிருந்து டிவிடி போட்டிருப்பார்கள். நெகட்டிவ் கிடைத்தால் கலரைப் பெருமளவு மீட்கலாம். ஆனால் நம் வெக்கையில், ஏசி இல்லாத குடோனில் அசிடேட் பிலிம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள், பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் உள்ளே சுருங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்பா அந்த வாடையை வைத்தே பெட்டியை ஒதுக்குவார்.

ஒலிதான் எனக்குப் பெரிய கவலை. பிலிமின் ஓரத்தில் ஒலி ஒரு கோடாகப் போகும், அதன்மேல் விழும் தூசியும் கீறலும்தான் நாம் கேட்கும் கரகரப்பு. அதை எடுக்கிற மென்பொருளுக்கு, யாரும் பேசாத ஒரு இடத்தைக் காட்டி "இதுதான் இரைச்சல்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது படம் பூராவும் அதே மாதிரியான சத்தத்தைத் தேடித் தேடிக் கழிக்கும். பாட்டுக்கு இது ஒத்துவரும், விஸ்வநாதன் ராமமூர்த்தியின் வயலினை அது ஒன்றும் பெரிதாகச் செய்துவிடாது. ஆனால் நீங்கள் சொன்ன காட்சியில் நாகேஷ் பாதி நேரம் பேசுவதே இல்லை, மூச்சாலும் பல்லிடுக்காலும் சத்தம் போடுகிறார். 'ஸ்ஸ்' என்று அவர் இழுப்பதும் பிலிம் இரைச்சலும் மென்பொருளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கொஞ்சம் கை அதிகமாகிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, நாகேஷ் வாயை மட்டும் அசைப்பார், பாலையா ஒன்றுமில்லாததற்கு நடுங்கிக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் காதுள்ள ஆள் ஒருவர் உட்கார்ந்து நொடி நொடியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

ஈரடுக்குப்பாலம்:
சரி, ஒலியில் நான் விட்டுக்கொடுத்தேன். கலரை ஏற்றுவதில் இல்லை.

குறுக்குத்துறை:
அக்கா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. ரோமன் ஹாலிடேயை இன்னொரு தடவை போடுகிறேன். மச்சானுக்கும் அவர் வாயாலேயே சொன்னால்தான் ஏறும்.

ஆபரேட்டர் மகள்:
போய் வந்துவிட்டோம், நடந்ததை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, கீழே ஓடுகிற எழுத்தையும் படிக்கவில்லை. கதை பாட்டுக்குப் புரிந்தது, வெஸ்பாவில் அந்தப் பெண் தாறுமாறாக ஓட்டுகிற இடத்தில் சத்தமாகவே சிரித்தார். ஆனால் பத்துப் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்து திரையின் வலது மேல் மூலையையே பார்ப்பார், வலது கை நாற்காலிக் கையைப் பிடிக்கும், அப்புறம் தளர்ந்து சாய்வார். முதலில் எனக்குப் புரியவில்லை, மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. ரீல் முடியப்போகிறது என்பதற்கு அந்த மூலையில் பொட்டு வரும், முதல் பொட்டுக்கு அடுத்த மிஷினை ஓட விட வேண்டும், ஏழெட்டு நொடி கழித்து இரண்டாவது பொட்டுக்கு மாற்ற வேண்டும். இந்த டிஸ்க்கில் அப்பா கண்ணுக்கு அந்தப் பொட்டு ஒன்றுகூடச் சிக்கவில்லை. 31 வருஷம் அதற்காகவே காத்திருந்த கை. படம் முடிந்ததும் "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார், 118 என்றேன், "பதினொண்ணு, பன்னெண்டு ரீல் இருக்கும், ஒண்ணுலயும் ஒட்டு இல்லியே" என்றார்.

மச்சான் விடவில்லை, ரவையைக் காட்டி "இது என்ன அண்ணாச்சி, இதைத் துடைக்க முடியாதா?" என்று கேட்டார். அப்பா சுவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "இதைத் துடைச்சிட்டா அப்புறம் ஃபோகஸ் எதை வச்சிப் பிடிப்பிய? நடிகர் ஓடுவாரு, ஆடுவாரு, அவரை நம்ப முடியாது. நாங்க இந்த மணலைத்தான் பார்த்துப் பிடிப்போம், மணல் கூர்மையா நின்னா படம் நின்னாச்சி."

கல்லிடை அப்பளம்:
மச்சான் என்ன சொன்னார்?

குறுக்குத்துறை:
எழுந்துபோய்ப் புரொஜெக்டர் லென்ஸைத் திருப்பி மணலைக் கூர்மையாக்கிவிட்டு வந்தார். இத்தனை நாள் ஃபோகஸே சரியில்லாமல்தான் பார்த்திருக்கிறோம்!

அடுத்த சனிக்கிழமை என்னிடம் இருக்கும் அந்த ரோஸ் கலர் 'காதலிக்க நேரமில்லை'யையே போடச் சொல்லி அம்மா உத்தரவு. வருகிறவர்கள் முன்னாடியே சொல்லிவிடுங்கள், நாற்காலி ஆறுதான் இருக்கிறது, அதில் ஒன்று அக்காவின் அப்பாவுக்கு.